கோயில் வகுப்பு

"மூணு மணிக்கு கோயில் இருக்கு, கேன்டீன்ல உட்கார்ந்துடாதீங்க" என்று நான் வராந்தாவில் மாணவர்களிடம் சொன்னதைக் கேட்டு, எங்கள் வாட்ச்மேன் அண்ணன் "எந்தக் கோயில் மேடம்? பிரசாதம் உண்டா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் துறையில் அந்த வகுப்புக்குக் கோயில் வகுப்பு என்றே பெயர் நின்றுவிட்டது. உண்மையில் அது சி, ஓ, ஐ, எல் என்ற நான்கு ஆங்கில எழுத்து. கொலாபரேட்டிவ் ஆன்லைன் இன்டர்நேஷனல் லேர்னிங். இரண்டு நாட்டு வகுப்பறைகள் இணையத்தில் சேர்ந்து ஒரே வேலையைச் செய்து படிப்பது, அவ்வளவுதான். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சினிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜான் ரூபின் என்ற பேராசிரியர் 2006-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார். விமான டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். பொறுமை மட்டும் நிறைய வேண்டும். அதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை.

நான் வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை. காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டோ, கூரியர் எடுத்துவிட்டோ, ஜவுளிக்கடையில் நின்றுவிட்டோ வரும் பிள்ளைகள். பாதிப்பேர் வீட்டில் முதல் பட்டதாரி. இவர்களில் யாரும் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் இல்லை. ஒருவரைத் தவிர, அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

'பன்னாட்டுமயம்' என்ற சொல் எங்கள் கல்லூரிக்குள் 2020-க்குப் பிறகுதான் வந்தது. புதிய கல்விக் கொள்கை வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்றது. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் போர்டு மாட்டினார்கள். உள்ளே ஒரு மேசை, ஓர் உலக உருண்டை, பழைய வினாத்தாள் கட்டுகள். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம், ட்வின்னிங் எல்லாவற்றுக்கும் விதிமுறை கொண்டுவந்தது. அதில் கல்லூரிகளைத் தரம்பார்க்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பெண் 3.01 வேண்டும், இல்லையென்றால் அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்து நிறுவனமும் உலகத் தரவரிசையில் ஆயிரத்துக்குள் வர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, இது நமக்கான சாப்பாடு இல்லை என்று மூடி வைத்துவிட்டேன்.

சென்னைக்கு இது ஒன்றும் புதிது இல்லைதான். கிண்டியில் ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் தொடங்கியது. ஆனால் அது மரம் அடர்ந்த வளாகம், மான் திரியும் இடம். எங்கள் கல்லூரி மதிலுக்கு வெளியே திரிவது தண்ணீர் லாரி.

அந்த லாரியை வைத்துத்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு பயிலரங்கில் நெதர்லாந்துப் பேராசிரியை ஒருவர் அறிமுகமானார். அங்கே ஹோஹஸ்கோல் என்கிறார்கள், வேலைக்கு நேரடியாகப் பழக்கும் வகைப் பல்கலைக்கழகம். அவர் நடத்துவது நீர் மேலாண்மை. நான் நடத்துவது சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்ற விருப்பப் பாடம். 'தண்ணீருக்கு யார் விலை கொடுக்கிறார்கள்' என்று ஒரு தலைப்பு வைத்தால் இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று பட்டது. எங்கள் செமஸ்டர் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் பரீட்சையில் முடியும். அவர்களுடையது பிப்ரவரியில்தான் தொடங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழு புதன்கிழமை கிடைத்தது. 2024 பிப்ரவரி 21-இல் முதல் வகுப்பு. நமக்கு மதியம் மூன்று, அவர்களுக்குக் காலை பத்தரை.

முதல் வகுப்பு படு அமைதி. திரையில் பதினெட்டு வெள்ளை முகங்கள், இங்கே இருபத்திரண்டு பேர் ஒரு கேமராவுக்குள் அடங்க இடித்துக்கொண்டு. அவர்களில் ஒரு பையன் எடுத்த எடுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வகுப்பில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், யாரோ சிக்ஸ் அடித்த மாதிரி. அவர்கள் ஊரில் பேராசிரியரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளால் கடைசிவரை முடியவில்லை. அந்த அம்மாவையும் 'மேம்' ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் வேறொரு சிக்கல். எங்கள் குழு ஒன்று போட்ட ஸ்லைடைப் பார்த்து அங்கிருந்து ஒரு பெண், "இது தெளிவாக இல்லை. இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றாள். கேட்டுவிட்டு அமைதியாகப் பதிலுக்குக் காத்திருந்தாள். எங்கள் பக்கம் பதில் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்: "மேம், அவங்க கோவமா இருக்காங்களா?" கோபம் இல்லை, கேள்வி, என்று பதில் போட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியில் யாராவது 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் அது திட்டுவதற்கு முன்னுரையாகத்தான் இருந்திருக்கிறது. நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

இங்கிலீஷ் பயம் வேறு. குழுவுக்குள் தமிழில் பேசிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒருவர் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அதைவிட உதவியது மூன்றாம் வாரம் நடந்த ஒன்று. அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் பேச்சின் நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் தவித்து, போனை எடுத்து டச்சு மொழியில் தட்டச்சு செய்து மொழிபெயர்த்துப் பார்த்துச் சொன்னான். "மேம், அவங்களுக்கும் இது இரண்டாவது மொழியா?" என்று முன் பெஞ்சில் இருந்து ஒரு கிசுகிசு. அதற்கப்புறம்தான் வகுப்பு வாய் திறந்தது.

சரி, இனி ஒரு குடத்தின் கதை.

மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு எழுதி வர வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வேலை. அவர்கள் லிட்டரில் எழுதி வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் குடத்தில் எழுதி வந்தார்கள். 'காலை 5.30, லாரி, 12 குடம்.' ஒரு குடம் எத்தனை லிட்டர் என்று அங்கிருந்து கேட்டார்கள். இங்கே ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பத்து, இருபது, தெரியாது. வாழ்நாள் முழுக்கத் தூக்கிய பொருள், அதன் அளவு தெரியவில்லை. வியாசர்பாடிப் பெண் ஒருத்தி அடுத்த வாரம் வீட்டிலிருந்து பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றைப் பேருந்தில் கொண்டுவந்துவிட்டாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலால், கேமராவுக்கு முன்னால், ஊற்ற ஆரம்பித்தோம். அந்தப் பக்கமும் எண்ணினார்கள். பதினைந்தாவது பாட்டிலில் கழுத்துக்கு வந்தது. பதினாறில் தளும்பி மேசை நனைந்து என் வருகைப் பதிவேடு போயிற்று.

ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் பன்னிரண்டு குடம் 180 லிட்டர். வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு 45. துணி துவைக்க, பாத்திரம் கழுவ அடிபம்பு உப்புத் தண்ணீர் தனி. நம் நாட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசே வைத்திருக்கும் அளவு. பாடப்புத்தகத்தில் அந்த 135-ஐ வருடா வருடம் நடத்தியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். நெதர்லாந்துக்காரர்கள் வீட்டில் ஆளுக்கு 120 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே செலவழிக்கிறார்கள்.

அப்போது அந்தப் பையன், போன வாரம் சொல் கிடைக்காமல் தவித்தவன், கேட்டான்: "அதை யார் தூக்கினார்கள்?"

அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை. அவன் வம்புக்குக் கேட்கவில்லை, லாரி தெருவில் நின்றால் தண்ணீர் எப்படி மேலே போகும் என்று தெரியாமல் கேட்டான். குடம் கொண்டுவந்த பெண் ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி. அவள் பேசாமல் கால்குலேட்டரைத் தட்டினாள். 180 லிட்டர் என்றால் 180 கிலோ. "நானும் எங்க அம்மாவும்" என்றாள், ஆங்கிலத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல். தம்பி இருக்கிறான், பத்தாம் வகுப்பு, டியூஷன் போகிறான்.

படிவத்தில் 'யார் சுமந்தது' என்று ஒரு பத்தி சேர்த்தோம். அடுத்த வாரம் எங்கள் பக்கத்துத் தாள்களில் அந்தப் பத்தியில் அம்மா, அக்கா, நான், அம்மா, பாட்டி. ஒரே ஒருவன் 'நான் (சைக்கிள்)' என்று எழுதியிருந்தான். அவர்கள் தாள்களில் பதினெட்டு பேரும் 'குழாய்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பேராசிரியை அதைப் பார்த்துவிட்டுத் தன் மாணவர்களிடம், குழாய்க்குப் பின்னால் யார் என்று கண்டுபிடித்து வாருங்கள் என்று வேலை கொடுத்தார். அவர்கள் தங்கள் வீட்டு நீர் வரி ரசீதை முதல் முறையாக எடுத்துப் பார்த்தார்களாம்.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து, "எங்கள் ஊரில் ண்டோ" என்று ஒரு குரல். பாஸ்போர்ட் உள்ள அந்த ஒருவர். தான்சானியா, தாருஸ்ஸலாம். இரண்டாம் ஆண்டு பி.ஏ. பொருளாதாரம். பெரம்பூரில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ண்டோ என்றால் சுவாஹிலியில் வாளி, இருபது லிட்டர். அவர் ஊரிலும் தண்ணீரை வாளிக் கணக்கில்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அவர் அம்மா, அவர் அக்கா.

நான் அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் நினைத்தது இதைத்தான். ஒன்றரை வருடமாக அவர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். 'வளரும் நாடுகளின் பொருளாதாரம்' என்று ஒரு முழு யூனிட் நடத்தியிருக்கிறேன். அதில் தான்சானியா ஓர் அட்டவணையில் ஒரு வரி. அவரைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வருகைக்கு, கட்டணத்துக்கு, பதிவுக்கு மட்டும் 'ஃபாரின் ஸ்டூடன்ட்'. உலகத்தைப் பார்க்க நெதர்லாந்துக்குக் கேமரா வைத்தேன், உலகம் கடைசி பெஞ்சில் இருந்தது.

ஸ்வீடனில் மால்மோ என்ற ஊரில் 1998-இல் ஒரு புதுப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். புதிது என்பதால் மாணவர்களை அனுப்ப வெளிநாட்டுத் தொடர்பு எதுவும் இல்லை. ஊரிலோ பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். இங்கே இருப்பவர்களிடமிருந்தே கற்றால் என்ன என்று பெங்ட் நில்சன் என்பவர் 1999-இல் எழுதினார். 'வீட்டிலிருந்தே பன்னாட்டுமயம்' என்று இன்று எல்லாரும் கருத்தரங்குகளில் சொல்வது அங்கே தொடங்கியது. நான் இதை முன்பே படித்திருந்தேன். பி.பி.டி.யில் போட்டுப் பேசியும் இருக்கிறேன், அந்தத் தான்சானியா மாணவர் கேட்டுக்கொண்டிருக்க.

அவரோடு பேச ஆரம்பித்த பிறகு ஒரு வேடிக்கை தெரிந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது அல்லவா, அது அவர் நாடு. 'நீ மெட்ராஸில் படிக்கிறாயா, அதுதான் இங்கேயே வந்துவிட்டதே' என்று ஊரில் மாமா கேலி செய்கிறாராம்.

ஐந்தாம் வாரம் வெள்ளத்தைப் பற்றி. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. எண்ணூர்ப் பையன் ஒருவன் தன் போனில் இருந்த படங்களைக் காட்டினான். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கருத்துப்போன சுவர், கருத்துப்போன வலை, படகு. பேச்சு அதிகம் இல்லை, படத்தைத் தள்ளிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் ஒரு பெண் தன் பாட்டி 1953 பிப்ரவரி வெள்ளத்தில் கூரைமேல் ஏறித் தப்பியதைச் சொன்னாள். அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் அவர்கள் கடலை அடைக்கும் அந்தப் பெரிய தடுப்புகளைக் கட்டினார்கள். 2019-இல் நமக்கு ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. தண்ணீரில் ரயிலா, ரயிலில் தண்ணீரா என்று இரண்டு முறை கேட்டார்கள்.

அவர்கள் நாட்டில் நீர் வாரியங்களுக்குத் தனியாகத் தேர்தல் நடக்கிறது. மொத்தம் 21 வாரியம், நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஓட்டு. ரைன்லாந்து வாரியம் 1255-இலிருந்தே இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இங்கிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தது, கல்வெட்டு இருக்கிறது, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்றேன். குடவோலை! குடம் என்றதும் வகுப்பே கைதட்டியது. நான் குளிர்ந்துபோய் நின்றேன். குடம் கொண்டுவந்த பெண் மட்டும், "அதுல யார் யார் நிக்கலாம் மேம்?" என்றாள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். கல்வெட்டில் அதுவும் இருக்கிறது. சொன்னேன். "அப்ப நாங்க குடம் தூக்கிட்டுதான் வந்திருப்போம்" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினேன். அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பக்கமும், எங்கள் வாரியங்களிலும் ரொம்ப நாள் நிலக்காரர்கள்தான் என்றார்கள். அன்று வகுப்பு ஐந்தரை வரை போனது.

கடைசி வகுப்பு ஏப்ரல் 3. இறுதி விளக்கவுரை. எல்லாரும் வெள்ளைச் சட்டை, இரண்டு பேர் புடவை. மூன்று மணிக்கு இணைப்பைத் திறந்தால் யாரும் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மின்னஞ்சலில் ஒரு கவலையான செய்தி: 'ஒரு மணி நேரம் காத்திருந்தோம், எல்லாரும் நலமா?' மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் பத்தரை நமக்கு இரண்டு மணி ஆகிவிட்டது. நாங்கள் அப்போது கேன்டீனில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் ஒதுக்கி மறுபடி நடத்தினார்கள். புடவையை மறுபடி கட்டவில்லை.

இதெல்லாம் கல்லூரிக் கோப்பில் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒப்பந்தம் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஏழு வகுப்புக்கு ஒப்பந்தம் எதற்கு, சட்டப் பிரிவு வழியாகப் போனால் எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அப்புறம் படம் கேட்டார்கள், ஜியோடேக் உள்ளதாக. கொடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள், திரையில் நெதர்லாந்து, கீழே ஓரத்தில் வடசென்னையின் அட்சரேகை, தீர்க்கரேகை. "வெளிநாடு மாதிரியே தெரியலையே" என்றார் அலுவலகத்தில் ஒருவர். கொடி இரண்டு வைத்திருக்கலாம் என்று யோசனையும் சொன்னார். குடம் தளும்பும் படத்தை நான் கொடுக்கவில்லை. அது என் போனில் இருக்கிறது.

மறுவருடம் நடக்கவில்லை. நெதர்லாந்தில் 2024-இல் வந்த புது அரசு உயர்கல்விக்கான பணத்தைக் குறைப்பதாகவும், ஆங்கில வழி இளநிலைப் படிப்புகளையும் வெளிநாட்டு மாணவர் வரவையும் மட்டுப்படுத்துவதாகவும் அறிவித்தது. இங்கே போர்டு மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே கழற்றுகிறார்கள். அந்த அம்மா வருத்தத்தோடு எழுதினார், இந்த வருடம் எனக்கு மணிநேரம் ஒதுக்கவில்லை என்று.

இப்போது வேறொரு இடத்தோடு செய்கிறோம். யாழ்ப்பாணம். ஆறு என்று சொல்லிக்கொள்ள மழைக்கால வழுக்கை ஆறு மட்டும் உள்ள ஊர், சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைக் கிணற்றில் இறைத்துக் குடிக்கும் ஊர். எங்கள் எண்ணூர்க் கதையைச் சொன்னதும் அவர்கள் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையைச் சொன்னார்கள். வகுப்பு முழுக்கத் தமிழில். ஆனால் அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. "இதைப் பற்றிக் கதைப்போம்" என்று அவர்கள் சொன்னதும் இங்கே சிரிப்பு. அசைன்மென்ட்டை அவர்கள் ஒப்படை என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல், நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். தண்ணீர் லாரி அங்கே பவுசர். 'பவுசர் எப்ப வரும்' என்று இப்போது எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள்.

அலுவலகத்தில் இதற்கும் ஒரு தாள் நிரப்பப் போனேன். "தமிழ்லயா நடத்துறீங்க? அப்ப இது எப்படி மேடம் இன்டர்நேஷனல்?" என்று கேட்டார்கள். பயிற்றுமொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதி, நாடு என்ற கட்டத்தில் இலங்கை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறதாம்.

குடம் துறை அறையில் இருக்கிறது. அந்தப் பெண் திரும்ப எடுத்துப்போகவில்லை, வேறு வாங்கிவிட்டார்களாம். கூட்டிப் பெருக்கும் அக்கா அதில்தான் இப்போது தண்ணீர் பிடித்து வைக்கிறார். போன வாரம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை இந்த வருடத்துப் பிள்ளைகள் தயாரித்தார்கள். 'யார் சுமந்தது' பத்தி நான் சொல்லாமலே அதில் இருந்தது. அடுத்த வகுப்பு புதன் மூன்று மணி. அங்கேயும் மூன்று மணிதான்.